மறுப்பு வராவிட்டால்

ஜூன் 4, புதன்

ரிட்டயராகி இரண்டு வருடமாக நாட்குறிப்பு எழுத எனக்கு விஷயமே இல்லை. இன்று கிடைத்திருக்கிறது. தேனம்பாடி நூற்பாலைத் தொழிலாளர்களின் ஓய்வுக்கால நிதிக்கு என்னைச் சுயேச்சை டிரஸ்டியாகப் போட்டிருக்கிறார்கள். மில் முதலாளி குழந்தைவேலு ஆப்பிள், மாதுளையோடு வீடு தேடி வந்து ஆணையைக் கையில் கொடுத்தார்.

"உங்களாட்டம் கறை படியாத ஆளு வேணுமுங்க சார். தொழிலாளிக நம்போணுமில்லீங்களா?" என்றார்.

முப்பது வருடம் ஈரோட்டுக் கல்லூரியில் கம்பெனிச் சட்டப் பாடம் நடத்தினவன் நான். சுயேச்சையாக இருப்பவனின் கடமை என்ன என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். ஐந்து டிரஸ்டிகளில் இரண்டு பேர் முதலாளி பக்கம், இரண்டு பேர் தொழிலாளி பக்கம், எந்தப் பக்கமும் சாயாதவன் நான் ஒருவன். தொழிலாளர் சேமிப்பை முதலாளி தன் சொந்தக் கம்பெனி எதிலாவது போட வேண்டுமானால், என் சம்மதம் இல்லாமல் ஒரு ரூபாய் நகராது. முதலாளி வீட்டோடு உறவுள்ளவன் அந்த நாற்காலியில் உட்காரவும் கூடாது. விதி அப்படி. நல்ல விதி.

பரிமளம் ஆணையை வாங்கிப் படித்துவிட்டு, "சுயேச்சைன்னா டெபாசிட் போயிருமேங்க" என்றாள். தேர்தலில் நிற்கிறவன் கதையை இங்கே இழுக்கிறாள். முப்பத்திரண்டு வருடமாக என் பெருமைக்கெல்லாம் இப்படித்தான் ஊசி குத்தி வருகிறாள்.

ஜூன் 20, வெள்ளி

முதல் கூட்டம். ஏசி எலும்பு வரை குளிர்ந்தது. வறுத்த முந்திரி நன்றாக இருந்தது, உப்பு மட்டும் கொஞ்சம் தூக்கல்.

எல்லாம் இங்கிலீஷில் ஓடியது. தொழிலாளி பக்கத்து டிரஸ்டிகளில் ஒருத்தி பாவாயி என்ற அம்மாள். நூல் சுற்றும் பிரிவில் வேலை. கைகளை மடியில் வைத்துக்கொண்டு, யார் பேசினாலும் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். முந்திரியைத் தொடவில்லை. நான் குறுக்கிட்டு, "தமிழ்லயும் சொல்லுங்க, அந்தம்மாவுக்கும் விளங்கட்டும்" என்றேன். அறையே என்னைத் திரும்பிப் பார்த்தது. எனக்கே என்னைப் பிடித்துப்போனது.

கூட்டம் முடிந்து வெளியே வந்ததும் பாவாயி ஓடி வந்தாள். "நீங்க வந்தது நல்லதாப் போச்சுங்க வாத்தியாருங்க. வர்ற மார்ச்சோட எனக்கு வேலை முடியுது. வர்ற பணத்துல ரெண்டு ரூம்பு ஊடு ஒண்ணு கட்டோணும். அஸ்திவாரம் கூடத் தோண்டிப் போட்டுட்டனுங்க."

இன்னொன்றையும் எழுதி வைக்க வேண்டும். நிதியின் செயலாளர் சேதுராமன், கூட்டம் இல்லாத நாட்களில் கடிதம் மூலம் கேட்கப்படும் தீர்மானங்களுக்கு டிரஸ்டிகள் பதிலே போடுவதில்லை, வேலை நிற்கிறது என்று புலம்பினார். நான் சும்மா இருப்பேனா? "இதுக்கு எதுக்குங்க கவலை? மௌனம் சம்மதத்துக்கு அறிகுறின்னு நம்ம பெரியவங்க அப்பவே சொல்லி வச்சுட்டாங்களே! பதில் வரலைன்னா சம்மதம்னு எழுதிக்கங்க" என்றேன். மேசையே சிரித்தது. குழந்தைவேலு கண்ணில் நீர் வரச் சிரித்தார். பாவாயிகூட வாயைப் பொத்திக்கொண்டாள். வகுப்பை விட்டு வந்து இரண்டு வருடமாகியும் நாக்கு துருப்பிடிக்கவில்லை.

ஜூலை 2, புதன்

கிணற்று மோட்டார் புகைந்துவிட்டது. மெக்கானிக் நாளை வருகிறானாம். அவனுடைய நாளை எனக்குத் தெரியும்.

கூட்டத்தின் நடவடிக்கைக் குறிப்பு தபாலில் வந்தது. நான் சொன்ன வேடிக்கையைச் சேதுராமன் விதியாகவே போட்டுவிட்டார்: "ஏழு நாட்களுக்குள் மறுப்பு வராவிட்டால் சம்மதம் எனக் கொள்ளப்படும். முன்மொழிந்தவர்: பேராசிரியர் அர்த்தநாரி. ஒருமனதாக ஏற்கப்பட்டது." முதலில் திக்கென்றது. பிறகு யோசித்தால், பதில் போடுகிறவனுக்கு இதனால் என்ன நஷ்டம்? சோம்பேறிகளுக்குத்தான் இது கடிவாளம்.

ஜூலை 13, ஞாயிறு

குழந்தைவேலு பேசினார். ஆடி பிறப்பதற்குள் என் காதில் போட்டுவிடலாம் என்று நினைத்தாராம். இரண்டாவது மகன் கௌசிக்குக்கு நம் சிந்துஜாவைக் கேட்கிறார்.

மில் வீட்டுச் சம்பந்தம்! நம் பெண் கோயம்புத்தூர்க் கம்பெனிக்கு வீட்டிலிருந்தே கம்ப்யூட்டரில் வேலை பார்க்கிறாள், வயது இருபத்தேழு, வந்த ஜாதகமெல்லாம் ஏதோ ஒன்றில் தட்டிப்போகிறது. தானாக வரும் சீதேவியை யாராவது காலால் எட்டி உதைப்பார்களா?

பரிமளம் உதைக்கப் பார்க்கிறாள். "அந்தப் பையனுக்குப் போன வருசம் நிச்சயம் பண்ணி, கல்யாணத்துக்கு ஒரு வாரம் முன்னால பொண்ணு ஊட்டுக்காரங்க வேண்டாம்னுட்டாங்களாம். ஏன்னு விசாரிங்க" என்கிறாள். விசாரித்தேன். குழந்தைவேலுவிடமே கேட்டேன். பெண் வீட்டாரின் குணம் சரியில்லையாம்.

என் டிரஸ்டி பதவி? அதையும் யோசிக்காமல் இல்லை. எங்கள் பக்கம் நிச்சயத்தில் உப்புச் சக்கரை மாற்றினால்தான் சம்பந்தம் உறுதி. அதுவரை உறவு உறவல்ல. ஆகவே இன்றைய தேதியில் நான் சுயேச்சைதான். பரிமளத்திடம் சொன்னேன். அவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

பெண் பார்க்க வந்தார்கள். மூன்று கார். எதிர் வீட்டுக்காரர் காம்பவுண்டுக்கு மேலே தலையை நீட்டி நீட்டிக் கழுத்து சுளுக்கியிருக்கும்.

சிந்துஜா மாம்பழ நிறப் பட்டு. காபி கொடுத்தாள், ஒரு சொட்டுக்கூடச் சிந்தவில்லை. பையன் நல்ல உயரம். அதிகம் பேசவில்லை. நடுவில் எழுந்து இரண்டு முறை கார் வரை போய் வந்தான், வாயில் ஏலக்காய் மென்றுகொண்டு. தொழில் அவசரம்போல.

குழந்தைவேலுவின் சம்சாரம், "என்ன அம்மிணி, எங்க பையனைப் புடிச்சிருக்குதா?" என்று கேட்டார். சிந்து தரையைப் பார்த்தாள். கூடம் முழுக்கக் காத்திருந்தது. அவள் என்னை நிமிர்ந்து ஒரு பார்வை பார்த்துவிட்டு மறுபடி தரையைப் பார்த்தாள். குழந்தைவேலு தொடையைத் தட்டினார். "நம்ம வாத்தியார் சொன்னதுதான்! மௌனம் சம்மதத்துக்கு அறிகுறி!" என்றார். கூடமே சிரித்தது. நானும்தான். என் வாக்கியம் என் வீட்டுக் கூடத்திலேயே எனக்குத் திரும்பி வந்ததில் ஒரு சந்தோஷம்.

அவர்கள் போன பிறகு சிந்துஜா எல்லாப் பாத்திரத்தையும் தானே தேய்த்தாள். காலையில் வேலைக்காரி வருவாள் என்று சொல்லியும் கேட்கவில்லை. கல்யாணக் களை வந்தால் பெண்களுக்குப் பொறுப்பும் வந்துவிடுகிறது.

ஆகஸ்ட் 25, திங்கள்

காலையில் சிந்து வந்து, "அப்பா, உங்ககூடக் கொஞ்சம் பேசோணும்" என்றாள். செய்தித்தாளில் பாதியில் இருந்தேன். சாயங்காலம் பேசலாம் என்றேன். சாயங்காலம் மோட்டார் மெக்கானிக் வந்துவிட்டான்.

செப்டம்பர் 4, வியாழன்

சேதுராமன் ஒரு தீர்மானத்தை மின்னஞ்சலிலும் ஆள் மூலமும் அனுப்பியிருக்கிறார். தொழிலாளர் நிதியில் பாதியை எடுத்து, குழந்தைவேலுவின் மூத்த மகன் நடத்தும் சூரிய மின்சாரக் கம்பெனிக்குக் கடனாகக் கொடுப்பதாம். வங்கியை விட வட்டி அதிகம் என்று தடித்த எழுத்தில் போட்டிருக்கிறது.

படிக்கப் படிக்க எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கடனுக்கு ஈடு எதுவும் இல்லை. கம்பெனி இதுவரை லாபம் பார்த்ததில்லை. கொடுக்கிற கையும் வாங்குகிற கையும் ஒரே வீட்டுக் கை. பரீட்சையில் இப்படி ஒரு கேள்வி கொடுத்தால் கடைசி பெஞ்சுப் பையன்கூட "கூடாது" என்று எழுதியிருப்பான். உட்கார்ந்து ஒன்றரைப் பக்கம் மறுப்பு எழுதினேன். நடை கம்பீரமாக வந்திருக்கிறது. நாளை ஒரு முறை படித்துப் பார்த்து அனுப்ப வேண்டும்.

செப்டம்பர் 6, சனி

நிச்சயப் பட்டு எடுக்கப் போனோம். மாப்பிள்ளை வீட்டாரும் வந்திருந்தார்கள். சிந்துஜா முதலில் விரித்த புடவையையே போதும் என்றாள். கடைக்காரர் அசந்துபோனார். குழந்தைவேலு என் தோளில் கை போட்டுக்கொண்டு மாடிப்படி ஏறினார். தீர்மானம் பற்றி அவர் வாய் திறக்கவில்லை. பெருந்தன்மை. அந்த இடத்தில் நானும் எப்படிப் பேசுவது?

செப்டம்பர் 8, திங்கள்

கடிதத்தில் இரண்டு வார்த்தை கடுமையாக இருந்தது. மாற்றினேன். மாற்றிய பிறகு மொத்தமுமே கடுமையாகத் தெரிகிறது. இதையெல்லாம் எழுத்தில் கொடுப்பதை விட நேரில் பக்குவமாகச் சொல்வதுதான் மரியாதை. ஞாயிற்றுக்கிழமை நிச்சயம் முடியட்டும்.

பரிமளம் கேட்டாள்: "அந்தக் கடுதாசிய அனுப்பிட்டீங்களா?"

"நீ உன் வேலையைப் பார்" என்றேன்.

செப்டம்பர் 11, வியாழன்

முழங்கால் வலி. தைலம் தேய்த்துப் படுத்திருந்தேன். சமையல்காரருக்கு முன்பணம். வாழைமரம் சொல்லியாகிவிட்டது. கடிதம் மேசை மேல், கண்ணாடிக் கூட்டுக்கு அடியில் இருக்கிறது.

செப்டம்பர் 12, வெள்ளி

காலையிலேயே சேதுராமன் போன். "உங்க சம்மதத்துக்கு முதலாளி ரொம்ப நன்றி சொல்லச் சொன்னாருங்க சார்."

"நான் சம்மதம் சொல்லலையே" என்றேன்.

"நேத்தோட ஏழு நாள் முடிஞ்சுதுங்களே சார். உங்க விதிதானுங்களே" என்றார். குரலில் கேலி இல்லை. உண்மையாகவே நன்றிதான் சொன்னார்.

நான் சம்மதிக்கவில்லை. இதை இங்கே தெளிவாக எழுதி வைக்கிறேன். நான் ஒன்றுமே சொல்லவில்லை.

செப்டம்பர் 14, ஞாயிறு

உப்புச் சக்கரை மாற்றியாயிற்று. முந்நூறு பேருக்குச் சாப்பாடு. ரசம் அருமை.

இனி நான் உறவு. விதிப்படி பதவியை விட்டு விலக வேண்டும். சாப்பிட்டு முடித்துக் கை கழுவும் இடத்தில் குழந்தைவேலுவிடம் சொன்னேன். "அட, இதுக்குள்ள என்னங்க அவசரம்? கல்யாணத்துக்குப் பொறகு பாத்துக்கலாம், சம்பந்தி" என்று அவர் துண்டையே எனக்குத் துடைக்கக் கொடுத்தார்.

அக்டோபர் 8, புதன்

பாவாயி வந்திருந்தாள். சொந்தக் கொடியில் காய்த்த அவரைக்காய் ஒரு பை. நாற்காலியைக் காட்டியும் கதவோரமாகவே நின்றாள்.

"செயலாளரு அந்தக் கடன் பேப்பர எங்ககிட்டப் போன மாசக் கடைசிலதான் கொண்டாந்தாருங்க. நானும் இன்னொரு டிரஸ்டியும் வெச்சிருந்து யோசிச்சோம். வாத்தியாரே ஒத்துக்கிட்டாருன்னு உங்க பேரக் காட்டுனாங்க. அவரே ஒத்துக்கிட்டா அப்பறம் நமக்கென்னன்னு கையெழுத்துப் போட்டுட்டமுங்க" என்றாள். பிறகு, "அதுக்கு ஒண்ணும் ஆவாதுங்களே?" என்று கேட்டாள்.

பரிமளம் சமையலறை வாசலில் வந்து நின்றாள். என்னையே பார்த்தாள்.

"ஒண்ணும் ஆகாதும்மா. பெரிய இடம்" என்றேன்.

பாவாயி கும்பிட்டுவிட்டுப் போனாள். தை பிறந்ததும் சுவர் எழுப்பப் போகிறாளாம். பரிமளம் அவரைக்காயைச் சமைக்கவில்லை. சாயங்காலமே மாட்டுக்குப் போயிற்று. எனக்கு அவரைக்காய் பிடிக்கும் என்று அவளுக்குத் தெரியும்.

நவம்பர் 19, புதன்

அழைப்பிதழ் வந்துவிட்டது. என் பெயருக்குப் பின்னால் பட்டம் எல்லாம் சரியாக இருக்கிறது.

சிந்துஜா இளைத்திருக்கிறாள். இந்தக் காலத்துப் பெண்கள் கல்யாணப் புகைப்படத்துக்காகப் பட்டினி கிடக்கிறார்கள். பரிமளம் பிடுங்கல் தாங்க முடியாமல் அவளையே கேட்டுவிட்டேன்.

"உனக்குச் சரிதானே அம்மிணி?"

"உங்களுக்குச் சரின்னாச் சரிப்பா."

கேட்டாயிற்று. பதிலும் வந்தாயிற்று. பரிமளத்திடம் வந்து சொன்னேன். "அவ சொன்னத இன்னொருக்கா சொல்லிப் பாருங்க" என்றாள். எதற்கு?

டிசம்பர் 30, செவ்வாய்

செய்தித்தாளின் எட்டாம் பக்கத்தில் ஒரு சின்னச் செய்தி. மூத்த மகனின் சூரியக் கம்பெனி வங்கிக்கு வட்டி கட்டவில்லை. குழந்தைவேலுவுக்குப் போன் செய்தேன். "பேப்பர்க்காரனுக எதையாவது எழுதுவானுக. நீங்க மண்டப வேலையப் பாருங்க சம்பந்தி" என்றார்.

தலைக்கு மேல் வெள்ளம் போன பிறகு சாண் என்ன, முழம் என்ன? மண்டப வேலையைப் பார்த்தேன்.

ஜனவரி 28, புதன்

கல்யாணம் முடிந்தது.

கூட்டத்தைப் பற்றி, சீரைப் பற்றியெல்லாம் எழுத நினைத்திருந்தேன். கை ஓடவில்லை. தாலி கட்டும்போது மாப்பிள்ளையின் கை நடுங்கி மூன்றாவது முடிச்சு சரியாக விழவில்லை. அவர்கள் வீட்டு அம்மாள் ஒருவர் வந்து போட்டார். அட்சதை போடக் கையை உயர்த்தியபோது சிந்துவின் முகத்தைப் பார்த்தேன். ஆகஸ்டு மாதம் கூடத்தில் என்னைப் பார்த்தாளே, அதே பார்வை. மேளச் சத்தத்தில் யாருக்கும் எதுவும் கேட்காது.

பாவாயி பஸ் ஏறி வந்திருந்தாள். மொய் வைத்தாள். பித்தளைச் சொம்பு ஒன்று வேறு. பந்தியில் உட்கார மாட்டேன் என்றவளைப் பரிமளம் கையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்துத் தானே பரிமாறினாள். "ஊட்டு வேலை எந்த மட்டுல இருக்குதுங்க?" என்று பரிமளம் கேட்டது எனக்குக் கேட்டது. "பணம் வரட்டும்னு அஸ்திவாரத்தோட நிக்குதுங்க. மழைத் தண்ணி நின்னு கொக்கு வருது" என்று சிரித்தாள் பாவாயி. அந்தப் பக்கம் நான் போகவில்லை. வி.ஐ.பி. பந்தியில் வேலை இருந்தது.

பிப்ரவரி 17, செவ்வாய்

வீடு அமைதியாக இருக்கிறது. சிந்துஜா போன் செய்தால் நலமா, சாப்பிட்டீர்களா, அவ்வளவுதான். பின்னால் யாரோ கத்துகிற சத்தம். டிவியாம்.

மார்ச் 31, செவ்வாய்

பாவாயிக்கு இன்று கடைசி நாள். மாலையில் அவளே போன் செய்தாள். சால்வை போட்டு, சுவர்க் கடிகாரம் ஒன்று கொடுத்து அனுப்பிவிட்டார்களாம். "பணத்தைப் பொறவு சொல்றோம்னாங்க. பொறவுன்னா எப்பங்க வாத்தியாருங்க?" என்றாள்.

விசாரித்துச் சொல்கிறேன் என்றேன். என்ன விசாரிப்பது? சூரியக் கம்பெனி கையை விரித்துவிட்டது. திருப்பித் தர அதனிடம் ஒன்றும் இல்லை. மீதிப் பாதி நிதி ஏற்கெனவே ஓய்வு பெற்றவர்களுக்கே காணாது. எனக்கு டிசம்பரிலிருந்து தெரியும். இல்லை, செப்டம்பர் நான்காம் தேதியிலிருந்தே தெரியும்.

ஏப்ரல் 10, வெள்ளி

கூட்டத்துக்கு அழைப்பு வந்ததும் தீர்மானித்துவிட்டேன். தீர்மான நகலையும் அனுப்பியிருந்தார்கள். சூரியக் கம்பெனிக்குக் கொடுத்த கடன் முழுவதையும் அதே கம்பெனியின் பங்காக மாற்றிவிடுவதாம். அதாவது முழுகின கப்பலில் தொழிலாளிக்கு ஒரு பங்கு. அதற்குச் சுயேச்சை டிரஸ்டியின் சம்மதம் வேண்டும்.

"ஏனுங்க, இந்தத் தடவையாவது வாயத் தொறப்பீங்களா?" என்றாள் பரிமளம்.

திறந்தேன். சேதுராமன் தீர்மானத்தைப் படித்து முடிப்பதற்குள் எழுந்து நின்றேன். "எனக்குச் சம்மதமில்லை. போன கடனுக்கும் நான் சம்மதிக்கவில்லை. இது அந்த ஜனங்களுடைய கடைசிக் காலத்துச் சோறு. எழுதிக்கொள்ளுங்கள், சம்மதமில்லை" என்றேன். மேசையைத் தட்டிய கை இன்னும் வலிக்கிறது.

யாரும் கோபப்படவில்லை. சேதுராமன் தலையைக் குனிந்துகொண்டு, "சார், முதலாளி குடும்பத்தோட மண உறவு வந்துட்டா சுயேச்சை டிரஸ்டி பதவி தானாவே போயிருதுங்க. ஜனவரி இருபத்தெட்டோட நீங்க டிரஸ்டி இல்லீங்க. மரியாதைக்காகத்தான் கூப்பிட்டோம்" என்றார்.

"நல்ல நிர்வாகம்னா விதிப்படி நடக்கோணுமில்லீங்களா, சம்பந்தி?" என்றார் குழந்தைவேலு. கனிவாகத்தான் சொன்னார். "சார் நின்னுட்டே இருக்காரு, யாராச்சும் காபி குடுங்கப்பா."

மேசைக் கோடியில் புதிதாக ஒருவர் உட்கார்ந்திருந்ததை அப்போதுதான் கவனித்தேன். ரிட்டயரான கண் டாக்டராம். கறை படியாத மனிதர். அவர்தான் இனிச் சுயேச்சை. முந்திரித் தட்டு அவர் முன்னால் இருந்தது. என்னைப் பார்த்து ஸ்நேகமாகச் சிரித்தார்.

எதற்காக என் வீடு தேடி ஆப்பிளோடு வந்தார்கள், எதற்காக என் பெண்ணைக் கேட்டார்கள் என்று அந்த அறையிலிருந்து வெளியே வரும் நடையில் எனக்கு விளங்கியது. மறுக்க வேண்டிய நாளில் என்னை வாய் திறக்க விடாமலும், நான் வாய் திறக்கிற நாளில் அந்த வாய்க்கு மதிப்பில்லாமலும் செய்ய ஒரே கல்யாணம் போதுமாக இருந்திருக்கிறது. இதில் என் பங்குக்கு விதியை நானே எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

மில் வாசலில் வேப்பமரத்து நிழலில் ரிட்டயரானவர்கள் பத்திருபது பேர் நின்றிருந்தார்கள். பாவாயி முன்னால் வந்தாள்.

"பாவாயி, அந்தக் கடனுக்கு நான் சம்மதம் சொல்லவே இல்லைம்மா. சத்தியமா" என்றேன்.

அவள் என்னைப் பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால் தாங்கியிருப்பேன்.

"வேண்டாம்னும் சொல்லலீங்களே வாத்தியாருங்க" என்றாள்.

ஏப்ரல் 12, ஞாயிறு

தூங்கவில்லை. பரிமளம் ஒன்றும் கேட்கவில்லை. முப்பத்திரண்டு வருடத்தில் முதல் முறையாக ஊசி குத்தாமல் விட்டிருக்கிறாள். அது ஊசியை விடப் பொல்லாதது.

மதியம் சிந்துஜா வந்தாள். கார் இல்லை, டவுன் பஸ்ஸில். ஒரே ஒரு பை. எத்தனை நாள் என்று சொல்லவில்லை.

ஏப்ரல் 15, புதன்

மூன்று நாளாகச் சிந்து, போன் அடிக்கும்போதெல்லாம் திடுக்கிட்டு எழுந்து அதைக் கவிழ்த்து வைக்கிறாள். பரிமளத்திடம் ஏதோ சொல்லியிருக்கிறாள் போல. இரண்டு பேர் கண்ணும் வீங்கியிருக்கிறது.

காலையில் நானே காபி கலந்து எடுத்துக்கொண்டு போய் அவள் எதிரில் உட்கார்ந்தேன். செய்தித்தாள் வாசலிலேயே கிடந்தது. "அம்மிணி, அன்னைக்கு என்னமோ பேசணும்னியே. சொல்லு" என்றேன். எந்த அன்றைக்கு என்று அவள் கேட்கவில்லை. காபியில் ஆடை படிந்தது. நான் எழுந்திருக்கவில்லை.

"இப்பக் கேக்கறீங்களேப்பா" என்றாள். அப்புறம் அழுதாள். பிறகு எல்லாவற்றையும் சொன்னாள். அதை இங்கே எழுத மாட்டேன். குடியை நான் ஏலக்காய் என்று நினைத்திருந்தேன் என்பதை மட்டும் எழுதுகிறேன்.

பத்து மணிக்குக் குழந்தைவேலு போன். "மருமக வந்து மூணு நாளாச்சு. புருசன் பொஞ்சாதின்னா ஆயிரம் இருக்கும். சாயங்காலம் கார் அனுப்பறேன் சம்பந்தி, ஏத்தி உட்டுருங்க" என்றார்.

எனக்கு வாய் வரவில்லை. வழக்கம்போல.

"சரி, அப்ப அனுப்பறேன்" என்றார் அவர்.

"இருங்க" என்றேன். "நான் இன்னும் ஒண்ணும் சொல்லலீங்க. வேண்டாம். கார் அனுப்ப வேண்டாம். என் பொண்ணு வர மாட்டா."

போனை வைத்தேன். அறை வாசலில் சிந்து ஆறின டம்ளரோடு நின்றிருந்தாள். அதைச் சூடு பண்ண எடுத்துக்கொண்டு போனாள்.

பாவாயிக்கும் இந்த ஒரு வார்த்தைதான் தேவைப்பட்டது. அதைச் சொல்ல எனக்கு ஏழு நாள் கொடுத்திருந்தார்கள்.